டெஸ்டோஸ்டிரோன் 241: அந்த எண்ணை எப்படி வாசிப்பது?

சாயங்காலம் ஐந்து மணி தாண்டினால் எங்கள் லேபுக்கு விளையாட்டுப் பையன்கள் வரத் தொடங்குவார்கள். கபடி ஆடுகிறவர்கள், கடற்கரை ஊர்களில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள், போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் ஓடிப் பழகுகிறவர்கள். காலையில் அவர்களுக்கு நேரமில்லை. பயிற்சி முடித்து, வியர்வை காயாத பனியனோடு, போகிற வழியில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்தப் பழக்கம் ஒன்றே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

தூத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், 21 வயது, நல்ல ஆட்டக்காரன். ரிப்போர்ட்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 241. பக்கத்தில் 300 முதல் 1000 வரை என்று அச்சிட்டிருந்தது. 241-க்கு நேராகத் தடித்த எழுத்தில் 'எல்', அதாவது 'லோ', குறைவு.

"அண்ணே, இது கொறவுதானே? ஜிம்முல ஒருத்தரு ஊசி போட்டா சரியாயிரும்னு சொன்னாரு."

"ரத்தம் எத்தன மணிக்கு குடுத்த மக்களே?"

"நேத்து சாயங்காலம். கிரவுண்டுலேருந்து நேரா வந்தேன்."

"அதுக்கு முந்தின ராத்திரி?"

"அப்பாகூட வள்ளத்துல போயிருந்தேன். விடிஞ்சுதான் கரைக்கு வந்தோம்."

தூங்காத இரவு, கடலில் வேலை, மணலில் இரண்டு மணி நேர ஆட்டம், மாலை ஐந்து மணி ரத்தம். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த 241. நாலு நாள் வள்ளத்துக்குப் போகாமல் நன்றாகத் தூங்கி, முந்தின நாள் ஆட்டத்தையும் விட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னேன். அடுத்த வாரம் வந்தான். 412. இடையில் ஒரு மாத்திரைகூட அவன் சாப்பிடவில்லை.

எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் முறையும் குறைவாக வருகிறவர்கள் உண்டு, அவர்களைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் முதல் தாளை வைத்துக்கொண்டு யாரும் ஊசிக்குப் போய்விடக் கூடாது. அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 'எல்' பற்றி. ரிப்போர்ட்டின் ஓரத்தில் இருக்கும் எல்லை வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஆரோக்கியமானவர்கள் பலரிடம் ரத்தம் எடுத்து, எண்களை வரிசையாக அடுக்கி, கீழே இரண்டரை சதவீதத்தையும் மேலே இரண்டரை சதவீதத்தையும் வெட்டிவிட்டால் நடுவில் மிஞ்சுவதுதான் 'நார்மல்'. அப்படியென்றால் நோயே இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் எப்போதும் வெளியே நிற்பார்கள். பத்து வகைச் சோதனை உள்ள பேக்கேஜ் ஒன்றை நல்ல ஆரோக்கியமான பையன் செய்துகொண்டாலும், ஏதாவது ஒன்றிலாவது நட்சத்திரக் குறி விழும் வாய்ப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம். கணக்கே அப்படித்தான்.

இந்த எல்லையும் லேபுக்கு லேப் மாறும். 2017-ல் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகளிலிருந்து 9,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை ஒன்றாக்கிப் பார்த்து, 19 முதல் 39 வயது வரையுள்ள, உடல் பருமன் இல்லாத ஆண்களுக்கு 264 முதல் 916 வரை என்று கணக்கிட்டார்கள். இன்னொரு லேப் தாளில் 300 இருக்கும், வேறொன்றில் 250 இருக்கும். ஆகவே ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எல்லையோடு ஒப்பிடக் கூடாது. மறுபடி சோதிக்கும்போது முடிந்தவரை அதே லேபுக்குப் போங்கள்.

அலகையும் பாருங்கள். 412 என்பது ஒரு டெசிலிட்டருக்கு நானோகிராம் கணக்கு. அதையே மில்லிலிட்டர் கணக்கில் அச்சிட்டால் 4.12. நானோமோல் கணக்கில் 14.3. நூறு சென்ட் நிலமும் ஒரு ஏக்கர் நிலமும் ஒன்றுதானே, அது போல. நண்பனுக்கு 520 வந்திருக்கிறது, எனக்கு வெறும் 4.1 வந்திருக்கிறதே என்று முகம் வாடி வந்த பையனை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, இந்த ஹார்மோன் எங்கிருந்து வருகிறது? இது புரிந்தால் மீதித் தாளைப் பெரும்பாலும் நீங்களே வாசித்துவிடலாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்களுக்குப் பேச்சிப்பாறை அணையை வைத்துச் சொல்வதுதான் எளிது. அணையில் ஷட்டர். அதைத் திறக்கவும் மூடவும் ஓர் ஆள். கால்வாய். கடைசியில் வயல். வயலில் நிற்கும் தண்ணீர்தான் ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோன். கால்வாய் என்பது ஆணின் விதைகள், அதாவது விந்தகங்கள். ஷட்டரில் நிற்கும் ஆள் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறார்: ஹைப்போதலாமஸ் என்ற மேலதிகாரியும், அவர் சொல் கேட்டு நடக்கும் பிட்யூட்டரி சுரப்பியும். ஷட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் எண்தான் எல்.எச்., பிட்யூட்டரி விதைகளுக்கு அனுப்பும் ஹார்மோன். ஏறக்குறைய 1.5 முதல் 9 வரை இருப்பது வழக்கம். கூடவே எஃப்.எஸ்.எச். என்று ஒன்று வரும், அது விந்தணு உற்பத்திக்கான உத்தரவு.

வயலில் தண்ணீர் குறைந்தால் ஷட்டர் ஆள் அதிகம் திறப்பார், நிறைந்தால் மூடுவார். உடல் இதை ராப்பகலாக விடாமல் செய்துகொண்டிருக்கிறது. ஆகவே டெஸ்டோஸ்டிரோனைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, பக்கத்தில் எல்.எச். வேண்டும். வயல் வறண்டு, ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தால் உடைப்பு கால்வாயில். அதாவது விதைகளில்தான் கோளாறு. பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை, பொன்னுக்கு வீங்கி வந்து விதைவரை இறங்கியது, பந்து பட்டு ஏற்பட்ட பெரிய காயம் போன்றவை இந்த வகை. கிளைன்ஃபெல்டர் சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலோர் நெட்டையாக இருப்பார்கள், விதைகள் சிறிதாகவும் கெட்டியாகவும் இருக்கும். பலருக்குக் கல்யாணமாகிக் குழந்தைக்காகச் சோதிக்கும்வரை தெரிவதே இல்லை.

வயலும் வறண்டு, ஷட்டரும் பாதி மூடிக் கிடந்தால் கேள்வி மேலே போகிறது. அங்கே ஆளுக்கு என்ன ஆயிற்று? டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கும்போது எல்.எச். '3' என்று நார்மல் எல்லைக்குள் இருந்தாலும் அதை நார்மல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வயல் வெடித்துக் கிடக்கும்போது ஷட்டர் பாதி மட்டும் திறந்திருந்தால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது. தாளில் எந்தக் குறியும் விழாது, ஆனால் டாக்டர் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

விளையாட்டுப் பையன்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகையை. மிகப் பெரும்பாலும் ஷட்டர் ஆளுக்கு நோய் எதுவும் இல்லை. அணையில் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். அணை வற்றினால் அதிகாரிகள் என்ன செய்வார்கள்? பாசனத்தை நிறுத்திக் குடிநீருக்கு ஒதுக்குவார்கள். உடலும் அதையே செய்கிறது. நாள் முழுக்க எரிக்கும் சக்தியைவிட உள்ளே வருவது குறைந்தால், இதயம், மூளை, மூச்சு ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, இனப்பெருக்கம், எலும்பு வளர்ச்சி போன்றவற்றை ஒத்திவைக்கிறது. பெண் வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவதைப் பார்த்துத்தான் இதை முதலில் கவனித்தார்கள். ஆண்களுக்கும் இதே நடக்கிறது என்பதைச் சேர்த்து, 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தது. விளையாட்டில் ஏற்படும் சக்திப் பற்றாக்குறை என்று பொருள். பெண்களுக்கு மாதவிடாய் நின்றால் உடனே தெரியும். ஆண் பிள்ளைக்கு அப்படி வெளியே தெரியும் மணி எதுவும் இல்லை. அதனால் இது மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

நம் ஊர் கபடிப் போட்டிகளில் எடைப் பிரிவு உண்டு. 65 கிலோ போட்டிக்கு 69 கிலோ பையன் பெயர் கொடுத்துவிட்டு, மூன்று வாரம் ராத்திரிச் சோற்றை விடுவான். கடைசி இரண்டு நாள் தண்ணீரையும் விடுவான். காலையிலும் மாலையிலும் பயிற்சி மட்டும் குறையாது. போலீஸ் ஓட்டத்துக்குப் பழகுகிறவன் நாலரை மணிக்கு எழுந்து வெறும் கட்டன் சாயாவோடு பத்துக் கிலோமீட்டர் ஓடுவான், பிறகு வேலைக்குப் போவான். இவர்கள் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் 200 பக்கம் இறங்கியிருக்கும், எல்.எச். உயராமல் அமுங்கியிருக்கும், தைராய்டு பார்த்தால் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். சரியாக இருந்து, தைராய்டு ஹார்மோனான டி3 மட்டும் தாழ்ந்திருக்கும், உடல் நெருக்கடியில் சுரக்கும் கார்டிசோல் சற்று ஏறியிருக்கலாம். இந்த நான்கும் ஒன்றாக நிற்கும் தாளைப் பார்த்தால், எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது "மத்தியானம் என்ன தின்ன?" என்றுதான். கீழ்க்கால் எலும்பில் விடாத வலியும் சேர்ந்திருந்தால் இன்னும் கவலைப்பட வேண்டும். எலும்பில் மயிரிழை விரிசல் விழுவது இந்தப் பற்றாக்குறையின் தெரிந்த அடையாளம்.

அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பயிற்சியில் எட்டு வாரம் குறைந்த சோறு, குறைந்த தூக்கம், ஓயாத வேலை. அங்கே சோதித்துப் பார்த்தபோது, திடமான இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோன் விதை நீக்கப்பட்டவர்களின் அளவுக்கு அருகில் இறங்கியிருந்தது. சோறு போட்டதும் ஏறிவிட்டது. கெட்டுப்போன உடலாக இருந்தால் சோற்றுக்கு அப்படி ஏறாது. ஆகவே இந்த வகைக்கு முதல் மருந்து உணவு. பயிற்சிக்கு முன் இரண்டு நேந்திரம்பழம், பின்னால் வயிறு நிறைய மரச்சீனிக்கிழங்கும் சாளைக் கறியும், ராத்திரி சோறு, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. எடை குறைக்கத்தான் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். இதைச் சொன்னால் "வெறும் கிழங்கா அண்ணே?" என்று நம்பிக்கையில்லாமல் பார்ப்பார்கள். ஆமாம், கிழங்குதான். ஆனால் ஒரே வாரத்தில் எண் ஏறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நெடுநாள் பட்டினி என்றால் மாதங்கள் ஆகலாம்.

தூக்கமும் இதே கணக்குதான். டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தில் ஏறி, விழிக்கும் நேரத்தில் உச்சத்தில் நின்று, பகல் முழுக்க இறங்கும். இளம் வயதில் மாலை அளவு காலை அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு குறைவது சாதாரணம். 2011-ல் சிகாகோவில் ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்துப் பார்த்தார்கள். பகல் அளவு 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது. பயிற்சிக்காக அல்லாமல் ரப்பர் வெட்டப் பின்னிரவு இரண்டு மணிக்கே தலை விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குகிற பையன்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குக் காலை எட்டு மணி என்பது பாதி வேலைநாள் முடிந்த நேரம். 'காலை ரத்தம்' என்று சொல்வதன் கருத்து, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு என்பதுதான். ஆகவே இப்படி வேலை செய்கிறவர்கள் சில நாள் விடுப்பு எடுத்து, தூக்கம் ஒழுங்கான பிறகு ஏழிலிருந்து பத்து மணிக்குள் கொடுப்பது நல்லது. தங்கள் வேலை நேரத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்லவும் வேண்டும்.

வெறும் வயிற்றில் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்தாலே சிறிது நேரத்தில் டெஸ்டோஸ்டிரோன் நான்கில் ஒரு பங்கு வரை இறங்கும். காய்ச்சல் வந்த வாரத்திலும், முந்தின நாள் கடும் பயிற்சி செய்திருந்தாலும் சோதிக்க வேண்டாம். முதல் தடவை குறைவாக வந்தால், வேறொரு நாள் காலையில் மறுபடி பார்த்து இரண்டும் குறைவாக இருந்தால்தான் அதைக் குறைவு என்றே டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இனி மொத்த அளவு, ஃப்ரீ அளவு என்ற விஷயம். ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களைப் பற்றிக்கொண்டுதான் போகிறது. எதையும் பற்றாமல் தனியே திரிவது இரண்டு மூன்று சதவீதம்தான். எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் அதை மிக இறுக்கமாகப் பிடிக்கும். குண்டெறிதல் ஆடும் கனமான உடம்புக்காரனுக்கு இந்தப் புரதம் குறைவாக இருப்பதால் மொத்த அளவு தாழ்ந்து தெரியும், ஃப்ரீ அளவு சரியாகவே இருக்கும். பட்டினி கிடக்கும் ஒல்லி ஓட்டக்காரனுக்கு நேர்மாறாக, புரதம் ஏறி மொத்த அளவு நன்றாகத் தெரியலாம், ஃப்ரீ குறைந்திருக்கலாம். ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனை நேரடியாக அளக்கும் மலிவான முறைகள் நம்பத் தகுந்தவை அல்ல. மொத்த அளவு, எஸ்.எச்.பி.ஜி., ஆல்புமின் ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்குப் போடுவது மேல்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தயங்காமல் பேச வேண்டும். வயலுக்கு வெளியிலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால் என்ன ஆகும்? வயல் நிறைந்துவிட்டது என்று ஷட்டர் ஆள் முழுக்க மூடிவிடுவார். தண்ணீர் ஓடாத கால்வாய் புல் மண்டித் தூர்ந்துபோகும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவன் தாளில் அது அப்படியே தெரியும்: டெஸ்டோஸ்டிரோன் 1,500, எல்.எச். 0.1, எஃப்.எஸ்.எச். 0.1. விதைகள் சுருங்கும், விந்தணு குறையும். 1990-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்தார்கள். பெரும்பாலோருக்கு விந்தணு பூஜ்யம் ஆனது. ஆண்மை கூடும் என்று சொல்லி ஜிம்மில் விற்கிற பொருள் இதுதான்.

இன்னொரு தாள் இதைவிட ஏமாற்றும். ஸ்டானோசோலோல், மெத்தாண்டியனோன், நான்ட்ரோலோன் போன்றவை டெஸ்டோஸ்டிரோனே அல்ல, அதன் சாயலில் செய்தவை. அவற்றை எடுப்பவனுக்கு டெஸ்டோஸ்டிரோனும் கீழே, எல்.எச்.சும் கீழே இருக்கும். பார்க்கப் பட்டினித் தாள் போலவே இருக்கும். நல்ல கொழுப்பான எச்.டி.எல். பாதாளத்தில் இருப்பதும், ரத்தம் கெட்டிப்பட்டு ஹெமட்டோகிரிட் 50-ஐத் தாண்டி நிற்பதும், பையன் தசை கட்டிக்கொண்டு வந்து நிற்பதும் சேர்ந்துதான் சந்தேகத்தைக் கொடுக்கும். நிறுத்திய பிறகு ஷட்டர் மீண்டும் திறக்க மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில் வரும் சோர்வையும் மனத் தாழ்வையும் தாங்க முடியாமல் மறுபடி ஊசிக்குப் போகிறவர்கள் உண்டு. நிறுத்தும்போது டாக்டர் துணை வேண்டும். அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், உங்கள் ரகசியத்தைக் காப்பது அவர் கடமை.

ஆட்டக்காரர்களுக்கு இன்னொன்று. டெஸ்டோஸ்டிரோன் மட்டுமல்ல, அதைத் தூண்டக் கொடுக்கும் குளோமிஃபீன், எச்.சி.ஜி. ஆகியவையும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் உள்ளன. போட்டி இல்லாத நாளிலும் தடைதான். மருத்துவக் காரணத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பட்டினியாலும் மிகைப் பயிற்சியாலும் வந்த குறைவுக்கு அந்த விலக்கு கிடைக்காது. கிளைன்ஃபெல்டர் போல உறுப்பிலேயே கோளாறு இருந்தால்தான் பரிசீலிப்பார்கள்.

மற்ற வரிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான ப்ரோலாக்டின் ஆண்களுக்குச் சுமார் 15, 20 வரை இருக்கும். ஊசியைக் கண்டு பயந்தாலும், ஓடிவிட்டு வந்தாலும் சற்று ஏறும். கேஸ் மாத்திரையோடு சேர்ந்து வரும் டோம்பெரிடோனும் ஏற்றும், பலருக்கு அதைச் சாப்பிடுவதே தெரியாது. இப்படி ஒரு காரணமும் இல்லாமல் ஏறியே நின்றால் டாக்டர் தலை ஸ்கேன் வரை போவார். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, லேபின் முறையைப் பொறுத்து, டெஸ்டோஸ்டிரோனைப் பொய்யாக ஏற்றியும் எல்.எச்., டி.எஸ்.எச். இரண்டையும் பொய்யாக இறக்கியும் காட்டும். நிரபராதிப் பையன் ஊசி போட்டவன் போலத் தெரிவான். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு வாருங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மேலே சொன்ன எல்லை எதுவும் பொருந்தாது. ஒரே வகுப்பில், ஒரே அணியில் இருக்கும் இரண்டு பதினான்கு வயதுப் பையன்களில் ஒருவனுக்கு 50-ம் இன்னொருவனுக்கு 500-ம் இருக்கலாம், இருவருமே நலம். அங்கே எண்ணைவிடப் பருவத்தின் படிதான் முக்கியம். முதல் அறிகுறி மீசை அல்ல, குரலும் அல்ல, விதைகள் பெரிதாவதுதான். பதினான்கு முடிந்தும் அது தொடங்கவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். மார்க்காம்பின் அடியில் சிறு கட்டி வந்து, சட்டையைக் கழற்றி ஆட வெட்கப்பட்டு ஆட்டத்தையே விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். பருவ வயதில் பாதிப் பையன்களுக்கு அது வருகிறது, பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானே மறைந்துவிடும். இதை யாராவது அந்தப் பிள்ளைகளிடம் நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

எப்போது கட்டாயம் போக வேண்டும் என்றால், காலை விறைப்பு வாரக்கணக்கில் இல்லாமல் போனால், ஆசை அடியோடு குறைந்தால், தாடி மழிக்கும் தேவை குறைந்தால், சிறிய அடிக்கு எலும்பு முறிந்தால், விடாத தலைவலியோடு பார்வையின் ஓரங்கள் மங்கினால். பிறவியிலிருந்தே கருவாட்டு வாசனைகூட மூக்குக்குத் தெரியாத பையனுக்குப் பருவமும் தள்ளிப்போனால் அதையும் சொல்லுங்கள். மூக்குக்கான நரம்புகளும் ஷட்டர் ஆளின் செல்களும் கருவில் ஒரே பாதையில் பயணம் செய்கின்றன, அந்தப் பயணம் தடைப்பட்ட கால்மன் நிலையாக அது இருக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவரிடம் தொடங்கினால் போதும், அங்கிருந்து வழி சொல்வார்கள்.

போகும்போது ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டு போங்கள். ரத்தம் கொடுத்த மணி, முந்தின இரவு தூங்கிய மணி, கடைசியாகப் பயிற்சி செய்தது எப்போது, கடந்த மூன்று மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது, சாப்பிடும் மாத்திரை, பவுடர், ஊசி எல்லாவற்றின் பெயரும். பவுடர் டப்பாவின் பெயர் நினைவில்லை என்றால் டப்பாவையே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.